காவிரியில் ஓசி சவாரி

பொதுப் பண்டம் என்றதும் அரசாங்கம் இலவசமாகக் கொடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். பொருளாதாரத்தில் அர்த்தம் வேறு. ஒருவர் அனுபவிப்பதால் அடுத்தவருக்குக் குறையாது. காசு கொடுக்காதவரைத் தடுக்கவும் முடியாது. சுத்தமான ஆறு ஏறக்குறைய அப்படிப்பட்ட பண்டம்தான்.

குமாரபாளையத்தில் தறி ஓட நூல் வேணும், நூலுக்குச் சாயம் வேணும். பருத்தியில் சாயம் பிடிக்க நிறைய உப்புப் போடுகிறார்கள். சாயம் பெரும்பாலும் நூலில் ஏறிவிடும், உப்பு தண்ணீரிலேயே நின்றுவிடும். நிறத்தைக்கூட எப்படியோ எடுத்துவிடலாம். கரைந்த உப்பை எடுக்க ஆர்.ஓ. வேணும், அதில் மிஞ்சுவதைக் காய்ச்ச எவாப்பரேட்டர் வேணும். செலவே அங்கேதான்.

ஒரு சாயப்பட்டறைக்காரர் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்க. அவர் ஒருத்தர் சுத்திகரித்தால் காவிரி மாறிடாது. கிடைக்கும் கொஞ்ச நன்மையும் கீழே பள்ளிபாளையம், ஈரோட்டுக்காரர்களுக்கு. செலவு மட்டும் முழுசா அவருக்கு. பக்கத்துப் பட்டறை ராத்திரியில் கழிவைத் திறந்துவிட்டு, கிலோவுக்குச் சில ரூபாய் குறைத்துச் சொன்னால் ஆர்டர் அங்கே போய்விடும். பாடப்புத்தகத்து ஓசி சவாரிக்காரர் நம் பக்கத்து சீட்டில் சும்மா உட்கார்ந்து வருவார். இவர் டிக்கெட் எடுத்தவரைக் கீழே தள்ளிவிடுகிறார்.

கூட்டம் பெரிதானால், எல்லாருக்கும் நல்லது என்று தெரிந்தாலும் காரியம் நடக்காது. கட்டாயமோ, பங்கெடுத்தவருக்கு மட்டும் தனி லாபமோ வேண்டும் என்று 1965-லேயே மன்சூர் ஓல்சன் எழுதினார். திருப்பூரில் இரண்டுமே நடந்தது. 1992-ல் பாசனத்துக்காகக் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுக் குட்டையானது. நொய்யல் விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வரக்கூடாது என்று 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அது நடக்காததால் 2011 ஜனவரியில் பட்டறைகளையே மூடச் சொன்னது. அடி பலமானதுதான். ஆனால் எல்லாருக்கும் ஒரே நாளில் விழுந்ததால் யாரும் யாரையும் விலையில் முந்த முடியவில்லை. பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் மீட்ட தண்ணீரும் உப்புக் கரைசலும் திரும்பப் பட்டறைக்கே வந்தன. தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கும் ஊரில் அது சின்ன லாபமில்லை.

நம்ம ஊரில் அந்த லாபத்துக்கு மதிப்புக் குறைவு, பக்கத்திலேயே ஆறு ஓடுகிறது. அனுமதியில்லாத பட்டறைகளுக்குக் கரண்டைத் துண்டிக்கிறார்கள், இடிக்கிறார்கள். கொஞ்ச நாளில் மறுபடியும் அதே செய்தி. நொய்யல் சின்ன ஆறு, கெட்டது சீக்கிரம் வெளியே தெரிந்தது. காவிரி பெரிசு. மேட்டூர் திறந்தால் அத்தனையும் கலந்து ஓடிவிடுகிறது, யார் விட்டது என்கிற கேள்வியும் சேர்த்து.