கண்டிக் கத்தியில் கூடிய உலோகங்கள்

வெவ்வேறு உலோகத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உலையில் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து ஒரே அலகாக ஆக்கிய கத்திகள் இன்று 'டமாஸ்கஸ்' என்னும் பெயரில் உலகெங்கும் விரும்பி வாங்கப்படுகின்றன. அவற்றின் மேற்பரப்பில் நீரோட்டம்போல் நெளியும் வரிகளே வாங்குவோரைக் கவர்கின்றன என்றாலும், உலோகங்களைக் கூட்டிக் கத்தி செய்யும் வழக்கம் அழகுக்காகத் தோன்றியதன்று. கரிச்சத்து மிகக் குறைந்த இரும்பு, வளைந்தாலும் எளிதில் உடையாது, ஆனால் கூர் நில்லாது. கரிச்சத்து ஏறிய இரும்பாகிய உருக்கோ கூரைக் காக்கும், ஆனால் கடினப்படுத்தியபின் பலத்த அடி பட்டால் தெறித்துவிடும். இரண்டின் குணமும் ஒரே கருவிக்கு வேண்டியிருந்ததாலும், உருக்கு அரிதாகவும் விலைகூடியதாகவும் இருந்ததாலும், உடலுக்கு இரும்பும் வெட்டுவாய்க்கு உருக்கும் வைத்து இணைக்கும் முறையைப் பல நாட்டுக் கொல்லர்கள் கண்டடைந்தார்கள்.

இவ்விணைப்பில் உலோகம் உருகுவதில்லை என்பதே வியப்புக்குரியது. இரும்பு வெண்மஞ்சளாக ஒளிரும் ஏறக்குறைய 1200 பாகை செல்சியசு வெப்பத்தில், இரு துண்டுகளின் முகங்களும் தூய்மையாக இருந்தால், அடியின் அழுத்தம் ஒன்றே அவற்றைப் பிரிக்கமுடியாதபடி பற்றவைத்துவிடும். இடையே இரும்பின் துருப்படலம் சிக்கினால் பற்று விழாது என்பதால், வெண்காரத்தையோ நுண்மணலையோ தூவி அப்படலத்தை உருக்கிக் கசடாக்கி, முதல் அடியிலேயே வெளியே பீறிடச் செய்வார்கள். இணைந்த பாளத்தை நீட்டி மடித்து மீண்டும் அடித்தால் அடுக்குகள் இரட்டிக்கும். இரண்டு அடுக்கில் தொடங்கி ஒன்பது முறை மடித்தால் 1024 அடுக்குகள் ஆகும். பிறகு அமிலத்தில் நனைக்கும்போது ஒவ்வோர் உலோகமும் ஒவ்வோர் அளவில் அரிக்கப்படுவதனாலேயே வரிகள் கண்ணுக்குத் தெரிகின்றன.

கண்டி இராச்சியத்தின் புகழ்பெற்ற கத்தியாகிய 'பிஹா கெத்த' உலோகங்களை வேறொரு வகையில் கூட்டியது. ஓரளவு நேரான முதுகும், அதை நோக்கி வளைந்தேறும் வாயும் கொண்ட, உள்ளங்கையில் கனமாக அமரும் கத்தி அது. அலகின் வெட்டுவாய் அணியின்றி வெறுமையாக நிற்க, பிடியை ஒட்டிய பகுதியிலும் தடித்த முதுகிலும் பித்தளையும் வெள்ளியும் போர்த்தப்பட்டு, அவற்றின்மேல் சிங்களத்தில் 'லியவெல' எனப்படும் கொடிக்கோலம் உளியால் செதுக்கப்பட்டிருக்கும். பிடிக்குக் கொம்பு, யானைத்தந்தம், மரம் ஆகியவையும், சிறப்பானவற்றுக்குப் பளிங்குக்கல்லும் பயன்பட்டன. ஓலையில் எழுதும் எழுத்தாணியும் அதே உறைக்குள் பக்கத்தில் செருகப்பட்டிருப்பதுண்டு. வெட்டுவதற்கும் எழுதுவதற்குமான கருவிகளை ஒரே உறையில் இடுப்பில் செருகியவர்கள் அரசனின் அதிகாரிகளும் பிரதானிகளும் ஆவர் என்பதால், உழைக்கும் பணியை வாயும், உரியவரின் தகுதியைச் சொல்லும் பணியை முதுகும் ஏற்றன எனலாம்.

இப்போர்வை வேலையின் அருமை பலராலும் உணரப்படுவதில்லை. வெப்பம் ஏறும்போது பித்தளை இரும்பைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரிவதால், இரண்டையும் சேர்த்துக் காய்ச்சினால் ஒன்றையொன்று தள்ளும்; வெள்ளியோ 962 பாகையிலேயே உருகிவிடும். இரும்பையும் உருக்கையும்போல் இவற்றை வெண்சூட்டில் அடித்து இணைக்க வழியில்லை. ஆகவே, இரும்பில் வெள்ளியைப் பதிக்கும் கைவினைஞர் பொதுவாகச் சூட்டை நம்பாமல் பிடிமானத்தையே நம்புவார்கள்: இரும்பின் முகத்தில் நுண்கீறல்களைக் குறுக்கும் நெடுக்குமாக இட்டோ, அடிப்பக்கம் அகன்ற பள்ளத்தை உளியால் வெட்டியோ, மென்மையான வெள்ளிக் கம்பியையும் தகட்டையும் சிறு சுத்தியலால் தட்டி அதனுள் கடிக்கவைப்பார்கள். உலைக்கு முன் சம்மட்டி வீசும் தோள்வலிமையும், நகநுனி அளவுப் பரப்பில் உளியோட்டும் விரல்நுட்பமும் ஒரே அலகில் சந்திப்பது இதனால்தான்.

இத்தகைய அரண்மனை வேலைகளைச் செய்தவை 'பட்டல் ஹத்தர' எனப்பட்ட நான்கு அரச பட்டறைகள்; அவற்றின் கைவினைஞர்கள் தலைமுறை தலைமுறையாக அரசபணி செய்து, அதற்கு ஈடாக நிலம் பெற்றவர்கள். ஊர்க் கொல்லரும் தாழ்ந்து நின்றவரல்லர். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயரான ராபர்ட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தம் நூலில் அவர்களின் பெருமிதத்தை விரித்துரைக்கிறார்: வேலை கொண்டுவருபவரே இரும்பையும் கரியையும் கொண்டுவந்து, துருத்தியை ஊதி, பெரிய சம்மட்டியாலும் அடிக்க வேண்டும், கொல்லர் முக்காலியைவிட்டு எழாமல், இரும்பைப் பிடித்தபடி, சிறு சுத்தியலால் இடையிடையே தட்டி உருவத்தைத் திருத்துவார். கம்மாலையில் உழைப்பு எவருடையதாயினும் அறிவு எவருடையது என்பதில் ஐயம் இருக்கவில்லை.

உருக்கு எங்கிருந்து வந்தது என்னும் வினாவுக்கு இலங்கையின் மலைச்சரிவுகளே விடை வைத்திருக்கின்றன. மத்திய மலைநாட்டின் தென்விளிம்பிலுள்ள சமனலவெவப் பகுதியில், மேற்கு நோக்கிய முகடுகளில் பருவக்காற்றின் வேகத்தாலேயே எரிந்த பழைய இரும்புலைகளைத் தொல்லியலாளர் ஜில் ஜூலெஃப் கண்டறிந்து, அவ்வகை உலையை மீளக் கட்டி இயக்கிக் காட்டி, 1996இல் 'நேச்சர்' ஆய்விதழில் வெளியிட்டார். மூசை என்னும் களிமண் குப்பிக்குள் இரும்பையும் மரத்துண்டுகளையும் அடைத்து மூடிக் காய்ச்சி உருக்காக்கும் முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழியும் தறுவாயில் இருந்தபோது, அதைக் கண்டு பதிவுசெய்தவர் கொழும்பில் 1877இல் பிறந்த, தமிழ்த் தந்தையின் மகனான ஆனந்த குமாரசுவாமி. நிலவியலாளராக நாட்டைச் சுற்றிவந்த அவர் 1908இல் வெளியிட்ட, இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் இல்லையேல், கண்டிக் கைவினைஞரின் சொற்களும் முறைகளும் பெரும்பாலும் மறைந்திருக்கும். சேலம் பகுதிக் கொல்லர்களும் ஆவாரை மரத்துண்டையும் எருக்கிலையையும் மூசைக்குள் இட்டே உருக்குக் காய்ச்சினார்கள் என்பதை எண்ணும்போது, கடலின் இருகரையிலும் ஒரே தொழிலறிவு வாழ்ந்தது தெளிவாகிறது.

1815இல் கண்டி பிரித்தானியர் வசமானதும், அரச பட்டறைகளைத் தாங்கிய அரசு இல்லாமற்போனது. மலிவான இறக்குமதி இரும்பு மலையேறியபின் உலைகளும் அணைந்தன. இன்று பிலிமத்தலாவையில் பித்தளை வேலையும், நத்தரம்பொத்தையின் கலாபுரவில் உலோகச் செதுக்கு வேலையும் தொடர்கின்றன; ஊர்க் கம்மாலைகளில் லொறியின் வில்லுத்தகடு கத்தியாகிறது. ஆனால் இரும்பை எடுத்து, உருக்கைக் காய்ச்சி, வெள்ளியைக் கடிக்கவைத்த முழுச் சங்கிலி அறுந்துவிட்டது. அக்கத்திகளை வெறும் அலங்காரப் பொருளாகவே பட்டியலிடும் வழக்கம் அவற்றைச் செய்தவர்களின் உலோக அறிவுக்கு இழைக்கப்படும் அநீதியாகும். தலதா மாளிகைக்கு அருகே, அரசியர் வாழ்ந்த பல்லே வாசலவில் அமைந்துள்ள கண்டி தேசிய நூதனசாலைக்கோ, பழங்கண்டிப் படைக்கலங்கள் வைக்கப்பட்டுள்ள வேறோர் அரும்பொருளகத்துக்கோ செல்பவர்கள், கொடிக்கோலத்தைப் பார்த்ததும் நகர்ந்துவிடாமல், பித்தளையும் இரும்பும் சந்திக்கும் கோட்டைச் சற்றுக் குனிந்து பார்க்க வேண்டும்.