தீமை பிறப்பிலா, பழக்கத்திலா?

மனிதன் தீமையோடு பிறக்கிறானா, பிறந்தபின் அதைக் கற்றுக்கொள்கிறானா? இவ்வினா மெய்யியலுக்கு மட்டும் உரியதன்று, இலக்கியத்திற்கும் உரியது. சங்கப் புலவர் கணியன் பூங்குன்றனார் நன்மை தீமைகளின் பொறுப்பை அவரவரிடமே வைத்தார். திருவள்ளுவரோ ‘சிற்றினம் சேராமை’ என்னும் அதிகாரத்தில், ஒருவரின் அறிவு அவர் சேர்ந்த கூட்டத்திற்கேற்ப மாறும் என எச்சரித்தார். ஒருவர் அகத்தை நோக்கினார். மற்றவர் சூழலை நோக்கினார். தற்காலப் புனைகதை இவ்விரு பார்வைகளையும் கதைமாந்தரின் வாழ்வில் வைத்துச் சோதிக்கிறது.

தீவில் ஒரு சோதனை

ஆங்கில எழுத்தாளர் வில்லியம் கோல்டிங் இரண்டாம் உலகப்போரில் கடற்படையில் பணியாற்றியவர். பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். 1954இல் வெளிவந்த அவரது ‘லார்ட் ஆஃப் தி ஃபிளைஸ்’ புதினத்தில், விமான விபத்தில் தப்பிய சிறுவர்கள் ஆளற்ற தீவில் ஒதுங்குகின்றனர். முதலில் விதிகள் வகுக்கின்றனர். பின்னர் அச்சமும் அதிகார வேட்கையும் அவர்களைக் கொலைவரை இட்டுச் செல்கின்றன. தீமை உள்ளேயே உறைகிறது என்பதற்குச் சான்றாக இப்புதினம் காட்டப்படுவதுண்டு. ஆயினும், அச்சிறுவர்கள் போர் நடக்கும் உலகிலிருந்து வந்தவர்கள். இறுதியில் அவர்களை மீட்க வருபவரும் போர்க்கப்பல் அதிகாரியே. எனவே, வினா தீராமல் நம்மிடமே திரும்புகிறது.

பழனியில் ஒரு வணிகம்

ஜெயமோகனின் ‘ஏழாம் உலகம்’ 2003இல் வெளிவந்தது. அதன் மையமாந்தர் போத்திவேலு பண்டாரம். உடற்குறையுடையோரைப் பிச்சையெடுக்க வைத்து, அவர்களை வாங்கி விற்றுப் பிழைப்பவர். கதை பழனிக்கும் செல்கிறது. முருகனை நாடி மக்கள் திரளும் அவ்வூரில் அவர்கள் வருவாய் ஈட்டும் பொருள்களாக அமர்த்தப்படுகின்றனர்.

பண்டாரம் கொடுமையில் இன்பம் காணும் அரக்கர் அல்லர். தம் பெண்மக்களின் வாழ்வை எண்ணிக் கலங்கும் தந்தை அவர். அன்பு செலுத்தத் தெரிந்த அவர் எவ்வாறு மனிதரை விற்கிறார்? அவ்வணிகத்தில் வழங்கும் ஒரு சொல் விடைக்கு வழிகாட்டுகிறது. அங்கு அவர்கள் மனிதர்கள் அல்லர், ‘உருப்படிகள்’. பெயர் மறைந்து எண்ணிக்கை வந்தபின், முத்தம்மை என்னும் தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பதும் தொழிலின் ஒரு பகுதியாகிறது. ஆனால், அம்மனிதர்கள் தமக்குள் அன்பும் நகைச்சுவையும் கொண்டு வாழ்வதைக் காட்டி, பண்டாரம் காண மறுத்ததை வாசகரைக் காணச் செய்கிறது புதினம்.

மலை கூறும் மறுமொழி

பழனிக்குத் தெற்கே எழும் மலைத்தொடரில், சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல் அமைந்துள்ளது. இம்மலைத்தொடரிலும் இதற்குத் தெற்கேயுள்ள மலைச்சரிவுகளிலும் தேனெடுத்தும் கிழங்ககழ்ந்தும் வாழ்ந்துவந்த தொல்குடியினர் பளியர். 1960களில் பளியரிடையே தங்கி ஆய்வுசெய்த அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்டனர், அவர்கள் வன்முறையைப் பெரிதும் தவிர்ப்பதைப் பதிவு செய்தார். பூசல் எழுந்தால் ஒருவர் விலகிச் செல்வார். பிறரை அவமதிப்பது தகாததாகக் கருதப்படும். இதனால் பளியர் சினமே அறியாதவர் என்று கொள்ளலாகாது. சினம் எழுவதால்தான் விலகிச் செல்லும் வழக்கமும் தேவைப்பட்டது. அவ்வழக்கத்தைப் பிள்ளைகள் பெரியோரிடமிருந்து கற்கின்றனர்.

இவ்வொப்பீடு ஓர் உண்மையைத் தெளிவாக்குகிறது. சினமும் அச்சமும் ஆசையும் மனிதரோடு பிறக்கலாம்; அவற்றைக் கொடுமையாக மாற்றுவதற்குப் பழக்கம் வேண்டும். பண்டாரம் பழகியது பிறர் துயரைக் காணாதிருக்கும் பழக்கம். பளியர் பழகியது கை ஓங்குமுன் விலகும் பழக்கம்.

புனைகதை இவ்வினாவுக்கு அறுதியான விடை தருவதில்லை. தீமை நுழையும் வாயிலை மட்டும் அது நமக்குக் காட்டுகிறது. வகுப்பில் ஒருவரை அவர்தம் பெயரால் அழையாமல், அவரது குறையால் அழைத்து நகைக்கும்போது அவ்வாயில் சிறிது திறக்கிறது. அவரை மீண்டும் பெயர்சொல்லி அழைப்பவர் அதை மூடுகிறார்.