பழைய ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் பாகம் கடையில் இல்லையா? கம்ப்யூட்டரில் அதன் ‘மாடலை’ கண்டுபிடிப்பது எப்படி?

தேனி மாவட்டம் பண்ணைப்புரம். இளையராஜா பிறந்த ஊர். 1976-ல் வெளியான ‘அன்னக்கிளி’ அவரது முதல் படம். அந்தப் பாட்டை கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் முதலில் கேட்டது ரேடியோவிலும் டேப் ரெக்கார்டரிலும் கல்யாண வீட்டு குழாய் ஸ்பீக்கரிலும்தான்.

பாட்டு இன்று மொபைலில் இருக்கிறது. ஆனால் அன்று அதைப் பாடிய பெட்டிகள் பல வீடுகளில் பரண் மேல் கிடக்கின்றன. ரிப்பேர் செய்யலாம் என்று எடுத்தால் வரும் பதில்: “இந்த டிரான்சிஸ்டர் இப்ப வர்றதில்லை.”

அதற்குப் பதிலாக வேறு ஒன்றைப் போடலாமா? போட்டால் சத்தம் மாறுமா? இதை சால்டரிங் அயர்னை எடுப்பதற்கு முன்பே கம்ப்யூட்டரில் சோதித்துப் பார்க்க முடியும். அதற்குத் தேவை, அந்தப் பாகத்தின் ‘மாடல்’.

மாடல் என்றால் என்ன?

1973-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்து ‘ஸ்பைஸ்’ என்ற மென்பொருள் வெளிவந்தது. ஒரு மின்சுற்றை செய்து பார்க்காமலேயே, அது எப்படி வேலை செய்யும் என்று கணக்கிட்டுச் சொல்வதுதான் அதன் வேலை. எல்.டி.ஸ்பைஸ், என்ஜி.ஸ்பைஸ் போன்றவை அதன் வாரிசுகள். இரண்டுமே இலவசம். மும்பை ஐ.ஐ.டி.யின் ஃபாஸி திட்டம் உருவாக்கிய ‘இ-சிம்’ மென்பொருளும் என்ஜி.ஸ்பைஸை வைத்துத்தான் இயங்குகிறது.

இந்த மென்பொருளுக்கு ஒவ்வொரு பாகத்தின் குணத்தையும் எண்களாகச் சொல்ல வேண்டும். கெயின் எவ்வளவு, கசிவு எவ்வளவு, உள்ளே கெபாசிட்டன்ஸ் எவ்வளவு என்று சில வரிகள். அந்த வரிகள்தான் மாடல். புதிய பாகங்களுக்கு நிறுவனமே மாடலைத் தந்துவிடும். பழையவற்றில் பலவற்றுக்கு அப்படி எதுவும் வந்ததே இல்லை.

ஏதாவது ஒரு டிரான்சிஸ்டரைப் போட்டால் என்ன?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். உதாரணத்துக்கு பழைய ரேடியோக்களில் வந்த ஏ.சி.128-ஐ எடுத்துக்கொள்வோம். அது ஜெர்மானியம் டிரான்சிஸ்டர். சுமார் 0.2 முதல் 0.3 வோல்ட்டிலேயே வேலையைத் தொடங்கிவிடும். இன்றைய சிலிக்கானுக்கு 0.6 முதல் 0.7 வோல்ட் வேண்டும்.

பயாஸை மாற்றாமல் அவுட்புட்டில் சிலிக்கானைப் போட்டால், அலை மேலிருந்து கீழே மாறும் இடத்தில் ஒரு வெட்டு விழும். சத்தமான பாட்டில் இது அவ்வளவாகத் தெரியாது. மெல்லிய வயலினோ புல்லாங்குழலோ வரும்போது ‘கரகர’ என்று கேட்கும்.

கம்ப்யூட்டரிலும் இதே சிக்கல்தான். எண்கள் எதுவும் தராமல் விட்டால், ஸ்பைஸ் தானாகவே கெயின் 100 உள்ள ஒரு பொதுவான டிரான்சிஸ்டரை எடுத்துக்கொள்ளும். விடை வரும், ஆனால் அது உங்கள் ரேடியோவின் விடை அல்ல.

மாடலை எங்கே தேடுவது?

1. பெயரைப் படியுங்கள். ஐரோப்பிய முறை எண்களில் முதல் எழுத்து ‘ஏ’ என்றால் ஜெர்மானியம், ‘பி’ என்றால் சிலிக்கான். இரண்டாவது எழுத்து ‘சி’ என்றால் ஆடியோவுக்கான சிறிய டிரான்சிஸ்டர், ‘டி’ என்றால் ஆடியோ பவர் டிரான்சிஸ்டர்.

2. கம்பெனியின் வாரிசைத் தேடுங்கள். நேஷனல் செமிகண்டக்டர் 2011-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வசம் போனது. சான்யோவின் சிப் பிரிவை அதே ஆண்டு ஆன் செமிகண்டக்டர் வாங்கியது. ஃபேர்சைல்டும் 2016-ல் அங்கேயே சேர்ந்தது. பழைய டேட்டாஷீட்டும் மாடலும் வாரிசு நிறுவனத்திடம் கிடைக்க வாய்ப்பு உண்டு.

3. உறவுக்கார எண்ணைப் பாருங்கள். கல்லூரி லேப்களில் பார்த்த பி.சி.107 உலோகத் தொப்பியில் வரும். பிளாஸ்டிக்கில் வரும் பி.சி.547 குணத்தில் அதற்கு மிக நெருக்கம். அதன் மாடல் எளிதாகக் கிடைக்கும். நம் லேப்களுக்கு நன்கு பழகிய எஸ்.எல்.100 வெளிநாட்டு மாடல் தொகுப்புகளில் பெரும்பாலும் இருக்காது. அதே வகையைச் சேர்ந்த 2என்3053-ல் தொடங்கி, டேட்டாஷீட்டோடு ஒப்பிட்டு எண்களைத் திருத்தலாம்.

4. நீங்களே அளங்கள். பாகம் உயிரோடு இருந்தால் அதுவே சிறந்த ஆதாரம். வெவ்வேறு கரண்டில் கெயினை அளந்து மாடலில் போடலாம். ஆனால் ஜெர்மானியத்தில் ஒரு எச்சரிக்கை: அதன் கசிவையும் சேர்த்து மல்டிமீட்டர் கெயினாகக் காட்டிவிடும். கசிவைத் தனியாக அளந்து கழிக்க வேண்டும். வெப்பம் சுமார் 10 டிகிரி ஏறினாலே கசிவு ஏறத்தாழ இரட்டிப்பாகும். அதனால் அளந்தபோது இருந்த வெப்பநிலையையும் குறித்து வையுங்கள்.

ஐ.சி. என்றால் என்ன செய்வது?

டேப் ரெக்கார்டர்களில் வந்த டி.பி.ஏ.810, கார் ஸ்டீரியோவில் புகழ்பெற்ற எல்.ஏ.4440 போன்றவற்றில் உள்ளே பல டிரான்சிஸ்டர்கள் உண்டு. பழைய டேட்டாஷீட்கள் பலவற்றில் உட்சுற்றுப் படமே அச்சாகியிருக்கும். அதை அப்படியே வரைந்து ஒரே பெட்டியாக்கினால் அதுதான் ‘சப்சர்க்யூட்’. இ-சிம் மென்பொருளில் இதற்கென்றே தனி வசதி இருக்கிறது.

படம் இல்லையா? கெயின், வேகம், அவுட்புட் எல்லை போன்ற வெளிக்குணங்களை மட்டும் காட்டும் எளிய மாடலைச் செய்யலாம். 741 ஆப்-ஆம்ப்புக்கு 1974-லேயே இப்படி ஒரு மாடல் வந்துவிட்டது.

செய்த மாடலை நம்பலாமா?

முதலில் டேட்டாஷீட்டில் உள்ள ஒரு வரைபடத்தை கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் அடுத்த அடி எடுத்து வையுங்கள்.

அப்போதும் ஒன்றை மறக்கக் கூடாது: ஸ்பைஸில் எதுவும் புகையாது. தாங்காத கரண்ட் போனாலும் டிரான்சிஸ்டர் சிரித்துக்கொண்டே வேலை செய்யும். நிஜத்தில் வெடித்துவிடும். அதனால் வோல்ட், ஆம்பியர், வாட் எல்லைகளை டேட்டாஷீட்டில் தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

எந்த மாடலும் சொல்லாத விஷயமும் உண்டு. உலகப் புகழ்பெற்ற ரோலண்ட் டி.ஆர்.-808 டிரம் மெஷினின் ‘ஸ்ஸ்’ என்ற ஓசை, தரச் சோதனையில் கழிக்கப்பட்ட டிரான்சிஸ்டர்களில் இருந்து வந்தது. அந்த ரகம் கிடைக்காமல் போனதும் 1983-ல் மெஷினும் நின்றது. டேட்டாஷீட்டில் இருப்பது நல்ல டிரான்சிஸ்டரின் குணம். அந்தக் ‘குறை’ அந்தப் பாகத்தில் மட்டுமே இருந்தது.

சரி, இப்போது என்ன செய்யலாம்?

வீட்டில் பழைய ஆம்ப்ளிஃபயர் இருந்தால் கழற்றிய பாகத்தைக் குப்பையில் போடாதீர்கள். ஒரு கவரில் போட்டு, எந்த இடத்தில் இருந்தது என்று எழுதி வையுங்கள். சர்க்யூட் படம் ஒட்டியிருந்தால் மொபைலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணும் படமும் இருந்தால், தொழிற்சாலை மூடிய பிறகும் அந்தப் பாகத்தின் மாடலை ஒரு கல்லூரி மாணவரால்கூட உருவாக்கிவிட முடியும்.