மடியில் கனம், வழியில் பயம்!

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பது பழமொழி. சேலம், நாமக்கல் சமவெளியில் இந்தப் பழமொழிக்கு வேலை அதிகம். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு செய்கிறவர் பையில் கட்டி வெள்ளியோடு போகிறார். லீ பஜார் மண்டிக்காரர் சாயங்கால வசூலோடு கடையைப் பூட்டுகிறார். நாமக்கல் கோழிப் பண்ணைக்காரர், சங்ககிரி லாரி அதிபர், ஊர் ஊராய்ப் போய் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர் என்று ரொக்கத்தோடு இருட்டில் வழி நடக்கிறவர்கள் இந்தப் பக்கத்தில் எத்தனையோ பேர்.

இவர்களில் யாருக்காவது ஒரு நாள் இப்படித் தோன்றுவது இயற்கைதான்: "சின்னதாய் ஒரு கைத்துப்பாக்கி மடியில் இருந்தால் என்ன?"

நேயர்களே, இந்த எண்ணத்தைக் கேலி செய்ய வேண்டாம். ஆனால் அதைச் சினிமாவிடமிருந்து கற்றுக்கொள்ளவும் வேண்டாம். ஏற்காடு சாலையிலிருந்த நமது மாடர்ன் தியேட்டர்ஸில்தான் 1966-ல் 'வல்லவன் ஒருவன்', 1970-ல் 'சி.ஐ.டி. சங்கர்' எல்லாம் தயாராயின. ஜெய்சங்கர் கோட்டுக்குள் கையை விடுவார். துப்பாக்கி வெளியே வரும். வில்லன் கீழே விழுவான். அந்தத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் யார் கொடுத்தார்கள், ராத்திரி அதை எங்கே வைத்தார் என்று நாம் கேட்டதில்லை. நிஜ வாழ்க்கையில் இந்த இரண்டும்தான் முதல் கேள்விகள்.

முதலில் லைசென்ஸ்

நம் நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பது உரிமை அல்ல, அனுமதி. 1959-ல் இயற்றி 1962-ல் அமலுக்கு வந்த ஆயுதச் சட்டமும், 2016-ம் வருஷத்து ஆயுத விதிகளும் அதை ஆளுகின்றன. மாவட்டத்தில் கலெக்டரிடமும், மாநகர எல்லைக்குள் போலீஸ் கமிஷனரிடமும் மனுச் செய்ய வேண்டும். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். போலீஸ் விசாரணை உண்டு. உடலும் மனமும் சரியாக இருப்பதற்கு மருத்துவர் சான்று, ஆயுதத்தைப் பத்திரமாகக் கையாளப் பயிற்சி பெற்ற சான்று, வீட்டில் பாதுகாப்பாக வைப்பேன் என்ற உறுதிமொழி எல்லாம் கேட்பார்கள்.

இதற்கெல்லாம் மேலே, "எதற்கு?" என்று ஒரு கேள்வி வரும். "ஆசையாக இருக்கிறது" என்ற பதில் செல்லாது. உயிருக்கோ தொழிலுக்கோ உண்மையான அபாயம் இருப்பதை எடுத்துக் காட்ட வேண்டும். 2019-ல் சட்டத்தைத் திருத்தியபோது, ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று குறைத்தார்கள். லைசென்ஸ் காலத்தை மூன்று வருஷத்திலிருந்து ஐந்தாக நீட்டினார்கள்.

லாரிக்காரர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். லைசென்ஸில் எந்த எல்லை எழுதியிருக்கிறதோ அதற்குள்தான் துப்பாக்கி போகலாம். வண்டி நாக்பூர் வரையில் போகிறது என்பதற்காகத் துப்பாக்கியும் கூடப் போய்விட முடியாது. உங்களுக்கு எழுதிக் கொடுத்த துப்பாக்கியை மகனிடமோ டிரைவரிடமோ கொடுத்தனுப்பவும் கூடாது.

வடக்கே போகிற வண்டிகளுக்கு வேறொரு சோதனையும் உண்டு. பீகாரில் முங்கேர் என்ற ஊர் கள்ளத் துப்பாக்கிக்குப் பேர் போனது. "சல்லிசாய் வருகிறது, வாங்கிப் போடுங்கள்" என்று யாராவது ஆசை காட்டினால் அந்தப் பக்கமே திரும்பாதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2019 திருத்தத்தின்படி சாதாரணமாக இரண்டு வருஷத்துக்குக் குறையாமல் ஐந்து வருஷம் வரையில் சிறை. தடை செய்யப்பட்ட ரகமானால் தண்டனை இன்னும் கடுமை. அதோடு, கள்ளப் பட்டறையில் செய்த குழல் எதிரியைச் சுடுமா, பிடித்தவர் கையிலேயே வெடிக்குமா என்று யாரால் சொல்ல முடியும்?

கடையில் என்ன கிடைக்கும்?

அமெரிக்காவில் கடைக்குப் போனால் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசை வரிசையாய் நூறு ரகம் இருக்கும். இங்கே அவ்வளவு தலைவலி இல்லை. 9 மில்லிமீட்டர், .38 போன்ற ரகங்கள் போலீசுக்கும் ராணுவத்துக்கும் உரியவை. பொது ஜனங்களுக்குத் தடை. வெளிநாட்டுத் துப்பாக்கிகளைத் தனி மனிதர் தாராளமாக இறக்குமதி செய்வதும் 1980-களிலேயே நின்றுவிட்டது. அதனால்தான் தாத்தா காலத்து வெப்ளி ரிவால்வர் ஒன்று விலைக்கு வந்தால் ஆனை விலை, குதிரை விலை சொல்லுகிறார்கள்.

திருச்சியிலே துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தாலும், மடியில் வைக்கிற ரகம் வடக்கே இருந்துதான் வர வேண்டும். அநேகமாக .32 என்ற அளவுதான் நமக்கு வாய்த்தது. அதாவது தோட்டாவின் குறுக்களவு ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். கான்பூரில் செய்யும் .32 ரிவால்வரில் ஆறு தோட்டா. பழைய வெப்ளியைப் போலவே, குழலை முன்பக்கம் மடக்கினால் சுட்ட உறைகள் ஆறும் ஒன்றாக வெளியே வரும். அதே .32-ல் 'அஷானி' என்ற பிஸ்டலும் உண்டு. வெப்ளி கம்பெனியே உத்தரப் பிரதேசத்தில் ஹர்தோய் மாவட்டத்தில் .32 ரிவால்வர் செய்ய வந்தது 2020-ல்.

2014 ஜனவரியில் கான்பூரிலிருந்து 'நிர்பீக்' வந்தது. 2012-ல் டில்லியில் நடந்த கொடுமைக்குப் பிறகு, பெண்களை மனத்தில் வைத்து, டைட்டானியம் கலந்த உலோகத்தில் செய்தது. எடை அரைக் கிலோ. விலை 1,22,000 ரூபாய்க்கு மேல். "பயந்து பயந்து பஸ்ஸில் போகிற பெண்ணிடம் லட்ச ரூபாய் ஏது?" என்று அப்போதே பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்! பிறகு இஷாப்பூர் தொழிற்சாலை 'நிடர்' என்று .22 அளவில் இன்னும் சிறியதாக, 250 கிராம் எடையில் ஒன்றைச் செய்தது.

சின்னது நல்லதா?

"அப்படியானால் இருப்பதிலேயே சின்னதை வாங்கிவிடுகிறேன்" என்பீர்கள். அவசரப்படாதீர்கள்.

துப்பாக்கி சிறியதானால் சுமப்பது சுலபம், சுடுவது கஷ்டம். கனமான துப்பாக்கி உதைப்பைத் தன் எடையிலேயே வாங்கிக்கொள்ளும். லேசானது கையிலே உதைக்கும். குழல் குட்டையானால் குறி பார்க்கும் முனைகள் இரண்டும் நெருங்கிவிடும். கை இம்மி அசைந்தாலும் தோட்டா முழக் கணக்கில் விலகிப் போகும். பிடி சின்னதானால் சுண்டு விரலுக்கு இடமிருக்காது. ஆகையால் எடையை மட்டும் பார்க்காமல் கையில் பிடித்துப் பாருங்கள். உள்ளங்கை நிறையப் பிடி கிடைக்கிறதா? விசைக்கு விரல் நேராக எட்டுகிறதா? வியர்த்த கையிலும் வழுக்காமல் இருக்கிறதா?

அடுத்தது, ரிவால்வரா பிஸ்டலா என்பது. பிஸ்டல் தட்டையாக இருக்கும்; சட்டைக்குள் துருத்தாது. ரிவால்வர் நடுவில் உருண்டை, வயிற்றை உறுத்தும். ஆனால் ரிவால்வரில் ஒளிவு மறைவு இல்லை. திறந்தால் ஆறு அறையும் கண்ணுக்குத் தெரியும். சுத்தியலைப் பின்னால் இழுத்து வைக்காதவரை விசையும் கனமாக இருக்கும், லேசில் அமுங்காது.

பிஸ்டலில் உள்ள வஞ்சகம் வேறு. அடியிலிருக்கும் மேகசினை உருவியதும் துப்பாக்கி காலி என்று மனிதர் நினைத்துக்கொள்கிறார். குழலின் அடியிலே ஒரு தோட்டா ஏற்கெனவே ஏறிக் காத்துக்கொண்டிருக்கலாம்! "காலித் துப்பாக்கி" என்று விளையாட்டாக நீட்டி உயிர் போன கதைகள் உலகமெங்கும் இப்படித்தான் நடக்கின்றன. தினம் பழகாதவருக்கு ரிவால்வரே மேல். பிஸ்டல்தான் வேண்டுமென்றால், மேகசினை உருவி, மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து, அறையைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்க்கும் வழக்கம் பல் துலக்குவதைப் போல் வந்துவிட வேண்டும்.

வேட்டிக்குள் எங்கே?

ஜெய்சங்கருக்குக் கோட்டு இருந்தது. சித்திரை வெயிலில் நாமக்கல்லில் கோட்டுப் போட்டு நடந்தால் துப்பாக்கி இருப்பது ஊருக்கே தெரிந்துபோகும்! நமக்கு வேட்டியும் மெல்லிய சட்டையும்தான்.

மடியில் செருகலாமா? கூடாது. உட்கார்ந்தால் நழுவும், எழுந்தால் விழும். சட்டைப்பையிலும் கூடாது. சாவிக் கொத்தும் சில்லறையும் கிடக்கிற பையில் வைப்பது எல்லாவற்றிலும் மோசம். சாவி ஒன்று விசையில் சிக்கினால் போதும். 2016-ம் வருஷ விதியே தெளிவாகச் சொல்லுகிறது: பொது இடத்தில் கைத்துப்பாக்கி, அதற்கென்று செய்த உறையில் உடம்போடு சேர்ந்திருக்க வேண்டும், அல்லது முதுகுப்பை போன்றதில் இருக்க வேண்டும். முழுவதும் மூடியிருக்க வேண்டும். எந்த நேரமும் அது உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும்.

பை என்றால், அதை டீக்கடை ஆணியில் மாட்டிவிட்டுக் கை கழுவப் போகிற நாள் ஒன்று வரும். ஆகவே உறைதான் நல்லது. விசையை முழுக்க மூடுகிற உறையாகவும், அதைத் தாங்குகிற கெட்டியான தோல் பெல்ட்டாகவும் பார்த்து வாங்குங்கள். நம் பெரியவர்கள் வேட்டிமேல் கட்டும் பச்சை பெல்ட் பணம் வைக்க ஏற்றது. துப்பாக்கி உறை அதில் நிலைத்து நிற்காது.

வியர்வையையும் மறக்காதீர்கள். அதிலுள்ள உப்பு இரும்பைத் தின்றுவிடும். இரவில் உறையிலிருந்து எடுத்துத் துடைத்து, லேசாக எண்ணெய் தடவி வைக்க வேண்டும். ஈரம் ஊறிய தோல் உறைக்குள்ளேயே விட்டுவைத்தால் துரு ஏறும்.

"ஏனுங்க, ராத்திரிக்கு எங்கே வைப்பீங்க?"

வீட்டுக்குத் துப்பாக்கி வந்த அன்றைக்கே அம்மாள் கேட்பார்: "ஏனுங்க, பிள்ளைங்க இருக்கிற ஊடுங்க. ராத்திரிக்கு அதை எங்கே வைப்பீங்க?"

ரிவால்வரின் விலையைவிட, எடையைவிட, பெரிய கேள்வி இதுதான். தலையணைக்கு அடியிலா? குழந்தை அங்கேதான் முதலில் கை விடும். பீரோவில் புடவைக்குக் கீழேயா? பீரோச் சாவி இருக்கும் இடம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சுவரோடு பொருத்திய இரும்புப் பெட்டி ஒன்று, தோட்டாக்களுக்குத் தனிப் பூட்டு ஒன்று, சாவி உங்கள் உடம்பில். இதற்குத் தயார் இல்லாதவர் துப்பாக்கிக்கும் தயார் இல்லை.

குழந்தைகள் மட்டுமல்ல, கோபமும் அந்த வீட்டில்தான் குடியிருக்கிறது. 1967 ஜனவரி 12-ந் தேதி ராமாவரம் தோட்டத்தில் நடந்ததைத் தமிழ்நாடு மறக்காது. எம்.ஜி.ஆரைக் கழுத்தில் சுட்டவர் முகமூடிக் கொள்ளைக்காரர் அல்ல. கூட நடித்த எம்.ஆர்.ராதா. பேச வந்த இடத்தில் துப்பாக்கி வெடித்தது. இருவருமே குண்டுக் காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இருவரும் பிழைத்தது நம் அதிர்ஷ்டம். எம்.ஜி.ஆரின் பழைய குரல் மட்டும் திரும்பி வரவே இல்லை. பங்காளிச் சண்டையும் வரப்புத் தகராறும் நிறைந்த நம் ஊர்களில் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். துப்பாக்கி இடுப்பில் இருக்கிற நாளில் மது கூடாது, வாக்குவாதமும் கூடாது. கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுவதும் கூடாது. 2019 முதல் அதற்கு இரண்டு வருஷம் வரையில் சிறையோ, ஒரு லட்சம் வரையில் அபராதமோ, இரண்டுமோ உண்டு.

சுட்ட பிறகு?

தற்காப்பு உரிமையைச் சட்டம் மறுக்கவில்லை. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும், பழைய பீனல் கோடைப் போலவே, அதை ஒப்புக்கொள்கிறது. ஆனால் அவசியத்துக்கு மேல் தீங்கு செய்ய யாருக்கும் உரிமை கிடையாது. கோர்ட்டில் நின்று, "எனக்கு வேறு வழி இருக்கவில்லை" என்று எடுத்துக் காட்ட வேண்டியவர் சுட்டவர்தான். ஒரு விநாடியில் செய்ததற்குப் பல வருஷம் பதில் சொல்ல நேரலாம்.

வழிப்பறிக்காரனோ அந்த விநாடியைக்கூட உங்களுக்குக் கொடுக்க மாட்டான். வண்டியை மறித்து, கத்தியைக் கழுத்தில் வைத்த பிறகுதான் அவன் பேசவே ஆரம்பிப்பான். அப்போது சட்டைக்கு அடியில் இருக்கும் துப்பாக்கி உங்களுடையதாகவும் இருக்கலாம். மறு நிமிஷம் அவனுடையதாகவும் ஆகலாம். ரைஃபிள் கிளப் போன்ற இடங்களில் முறையாகப் பழகி, அந்தப் பழக்கத்தை விடாமல் வைத்திருப்பவருக்கே அது ஓரளவு துணை. வாங்கிய அன்று இரண்டு தோட்டா சுட்டுப் பார்த்துவிட்டுப் பெட்டியில் வைப்பவருக்கு அது வெறும் சுமை.

நேயர்களே, அபாயம் உண்மையானால் மனுச் செய்யுங்கள். லைசென்ஸ் கிடைத்தால் கைக்குப் பொருந்துகிற ரிவால்வராக, கெட்டியான உறையாக, அதைவிடக் கெட்டியான இரும்புப் பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். தேர்தல் சமயத்தில் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னால் முகம் சுளிக்காமல் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். தொலைந்துபோனால் அந்த நிமிஷமே புகார் கொடுங்கள்.

அதற்கு முன்னால் பழமொழியை இன்னொரு தடவை சொல்லிப் பாருங்கள். மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம். பணத்தைப் பாங்கி மூலமோ கைபேசி மூலமோ அனுப்ப இன்று வழி இருக்கிறது. வெள்ளியைப் பகலில், துணையோடு, தினம் ஒரே வழியில் போகாமல் கொண்டுபோகலாம். இருக்கிற கனத்தைக் குறைத்தால் பயமும் பாதி குறையும். அதன் மேலே இன்னும் அரைக் கிலோவை ஏற்றுவதற்கு முன்னால் வீட்டு அம்மாளின் கேள்விக்கு ஒரு பதிலைத் தயார் செய்துகொள்ளுங்கள்!