ஏசிபி ஷீட்: நடுவில் இருப்பது என்ன?

கடை முகப்பிலும் அடுக்குமாடிகளின் வெளிச்சுவரிலும் பளபளக்கும் ஏசிபி ஷீட்டை முழுக்க அலுமினியம் என்றே பலரும் நினைக்கிறோம். அது மூன்று அடுக்கு கொண்டது. இருபுறமும் மெல்லிய அலுமினியத் தகடு, நடுவில் வேறொரு பொருள். எடை குறைவு, துருப்பிடிக்காது, வேலையும் சீக்கிரம் முடியும். ஆபத்து நடு அடுக்கில்தான் இருக்கிறது.

மலிவு ரகங்களில் அந்த நடு அடுக்கு பாலிஎதிலீன் பிளாஸ்டிக். தீப்பட்டால் அது உருகிச் சொட்டி எரியும். சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, புகைபோக்கி போலத் தீயை மேலே இழுக்கும்.

லண்டன் கிரென்ஃபெல் டவரில் 2017 ஜூன் 14 அன்று நடந்தது இதுதான். நான்காம் மாடி வீட்டு ஃபிரிட்ஜில் பிடித்த தீ, வெளிச்சுவர் ஷீட் வழியே 24 மாடிக் கட்டடத்தையும் சூழ்ந்தது. 72 பேர் இறந்தனர். அவர்களில் முஸ்லிம்கள் பலர். அது ரமளான் மாதம். சஹருக்காக விழித்திருந்தவர்கள் அண்டை வீட்டாரைத் தட்டி எழுப்பினார்கள். அடுத்த ஆண்டே, 18 மீட்டருக்கு மேற்பட்ட புதிய குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியும் பொருட்களுக்கு இங்கிலாந்து தடை விதித்தது.

வீடு, கடை, பள்ளிவாசல் எதுவானாலும் இவற்றைக் கவனியுங்கள்:

1. தாதுப்பொருள் கலந்த ‘எஃப்ஆர்’ ரகமா, அதைவிடப் பாதுகாப்பான ‘ஏ2’ ரகமா என்பதைக் கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். சோதனைச் சான்றிதழையும் கேளுங்கள்.

2. ஒவ்வொரு மாடி மட்டத்திலும் பின்பக்க இடைவெளியைத் தீ தாங்கும் பொருளால் அடைக்கச் சொல்லுங்கள்.

3. ஜன்னல்களை மறைத்து ஷீட் அடிக்காதீர்கள். புகை வெளியேறவும் ஆட்களை மீட்கவும் அதுவே வழி.

சதுர அடிக்கு மிச்சமாகும் பணம், மாடியில் உறங்கும் பிள்ளைகளின் உயிருக்கு ஈடாகாது.