தெர்மோடைனமிக்ஸ்னாலே பயமா? பாடாலூர் டீக்கடையில் இருந்து ஆரம்பிக்கலாம்!

திருச்சி - சென்னை நெடுஞ்சாலை. பாடாலூரில் இறங்கி ஒரு டீ சொல்கிறீர்கள். அதற்குள் போன். பேசி முடித்துப் பார்த்தால் டீ ஆறிப்போச்சு. சூடு எங்கே போனது? காற்றுக்கு. சரி, அதே காற்றிலிருந்து சூட்டைத் திரும்ப வாங்கி டீ தானாகக் கொதிக்குமா? நடக்கவே நடக்காது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன்படி, மெக்கானிக்கல் மாணவர்கள் மூன்றாவது செமஸ்டரில் படிக்கும் தெர்மோடைனமிக்ஸின் இரண்டு முக்கிய விதிகளும் இந்த டீ கிளாஸிலேயே இருக்கின்றன.

முதல் விதி என்ன?

ஆற்றல் அழியாது, புதிதாக உருவாகவும் செய்யாது. டீ இழந்ததும் காற்று வாங்கியதும் டேலி ஆகணும். அவ்வளவுதான்.

இரண்டாம் விதி?

வெப்பம் தானாகப் போவது சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான். எதிர்த்திசையில் அனுப்ப, ஃபிரிட்ஜ் மாதிரி கரண்ட் செலவழிக்க வேண்டும். அதனால்தான் கடையைத் தாண்டிப் போகும் லாரியிலும் டீசல் தரும் ஆற்றலில் சுமார் 40 சதவீதம்தான் வேலையாகிறது. மீதியில் பெரும்பகுதி சைலன்ஸர், ரேடியேட்டர் வழியாகக் காற்றுக்குப் போய்விடும்.

எவ்வளவு வரை எடுக்கலாம்?

இந்த உச்சவரம்பைக் கண்டுபிடிக்கும் வழியை 1824இல் காட்டியவர் பிரான்ஸின் சாடி கார்னோ. அப்போது அவருக்கு வயது 28. குளிர்ந்த பக்க வெப்பநிலையைச் சூடான பக்க வெப்பநிலையால் வகுத்து, ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும்.

பக்கத்து அரியலூரின் சிமென்ட் ஆலைகளையே எடுத்துக்கொள்வோம். சிமென்ட் சூளைக்குள் கிளிங்கர் சுமார் 1,450 டிகிரி செல்சியஸில் உருவாகிறது. வெளியே வரும் புகையிலும் நல்ல சூடு மிச்சமிருக்கும். அந்த வெப்பம் 327 டிகிரியில் கிடைக்கிறது, வெளிக்காற்று 27 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கெல்வினில் 600, 300. விடை: அதிகபட்சம் 50 சதவீதம்.

மார்க் எங்கே போகிறது?

கெல்வினுக்கு மாற்றாமல் 27ஐ 327ஆல் வகுத்து, ஒன்றிலிருந்து கழித்தால் 92 சதவீதம் என்று வரும். தேர்வில் இது மார்க் இழப்பு. ஆலையிலோ, ஒருபோதும் கிடைக்காத மின்சாரத்தை நம்பிப் பணத்தைக் கொட்டுவதற்குச் சமம்!

எனவே கணக்கைத் தொடும் முன் மூன்றே வேலை: எது சிஸ்டம் என்று கோடு போடுங்கள். உள்ளே வருவதையும் வெளியே போவதையும் அம்புக்குறியில் காட்டுங்கள். வெப்பநிலையுடன் 273ஐக் கூட்டுங்கள். ஃபார்முலா அதற்கு அப்புறம்தான்.

அதுவரை டீயை மூடி வைங்க பாஸ்... ஆறிடும்!