ஷோபானுக்கு எத்தனை மார்க்?

ஐந்து பியானோக்கள். ஸ்டைன்வே, யமஹா, ஷிகேரு கவாய், ஃபாட்சியோலி, பெக்ஸ்டைன். போட்டியாளருக்கு 15 நிமிடம்தான். அதற்குள் ஐந்தையும் தொட்டு, வாசித்து, அடுத்த மூன்று வாரத்துக்குத் தன் தலையெழுத்தை எதனிடம் ஒப்படைப்பது என்று முடிவு செய்துவிட வேண்டும். சேலைக் கடையில்கூட நாம் இதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்கிறோம்!

போலந்து இசையமைப்பாளர் ஷோபானின் பெயரால் வார்சாவில் 2025 அக்டோபரில் நடந்த பியானோப் போட்டியின் முதல் பரபரப்பு இது. 1927-இல் தொடங்கிய போட்டி. 1955 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. கொரோனாவால் 2020 மட்டும் 2021 ஆனது. முதல் சுற்றில் 80-க்கும் மேற்பட்டவர்கள், எல்லாரும் இளைஞர்கள். வாசிப்பதோ ஷோபான், ஷோபான், ஷோபான் மட்டுமே. வேறு யாருடைய இசைக்கும் அங்கே இடமில்லை.

அரங்கில் கூட்டம் கலைந்த பிறகு இன்னொரு போட்டி நடக்கிறது. ஒவ்வொரு கம்பெனியும் தன் தேர்ந்த சுருதிக்காரரை அனுப்பிவைத்திருக்கும். பகல் முழுக்க மேடை வாசிப்பவர்களுக்கு. இவர்களுக்குக் கிடைப்பது இரவு, அதுவும் முறைவைத்து. கம்பியை இழுத்து, சுத்தியல் முனையின் கம்பளியை ஊசியால் குத்தி மென்மையாக்கி, விடிவதற்குள் பியானோவின் குரலையே மாற்றிவிடுகிறார்கள். 2021-இல் வென்ற புரூஸ் லியு, 2025-இல் வென்ற எரிக் லூ, இருவரும் அமர்ந்தது ஃபாட்சியோலி முன்னால். 1853-இல் பிறந்த ஸ்டைன்வேயோடு மோதும் இந்த இத்தாலிய கம்பெனி தொடங்கியது 1981-இல்தான்! அந்தச் சுருதிக்காரர்களுக்கும் ஒரு மேடை, ஒரு மாலை வேண்டும் என்பது என் தீராத ஆசை.

சரி, இனி பால்கனிக்குப் போவோம். தீர்ப்பு எழுதும் கைகள் எல்லாம் அங்கேதான். 2025-இன் தலைவர் கேரிக் ஓல்சன், 1970-இல் இதே போட்டியில் வென்ற அமெரிக்கர்; போலந்துக்காரர் அல்லாத முதல் தலைவர். காலையில் ஓர் அமர்வு, மாலையில் ஓர் அமர்வு, நாள் முழுக்க ஒரே இசையமைப்பாளர். அதே பாலாட், அதே எட்யூட் உருப்படிகள் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோல் காதைத் தீட்டி வைத்து, 25-க்கு மார்க் போட வேண்டும். தன் மாணவர் மேடை ஏறினால் நடுவர் மார்க் போடக் கூடாது. புரூஸ் லியுவின் குரு டாங் தாய் சோன் 2021-இல் நடுவராக இருந்தார். சிஷ்யன் முதல் பரிசை நோக்கிப் போகிறான், குருவின் பேனா மட்டும் சும்மா கிடக்கிறது. அந்த முகத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டுமே!

ஒருவர் போட்ட மார்க் மற்றவர்களின் சராசரியிலிருந்து அளவுக்கு மீறி விலகினால், கணக்கில் அதை எல்லைக்குள் இழுத்துவிடுவார்கள். நியாயம்தான். ஆனாலும் என் மனசு அந்த விலகிய மார்க்கின் பக்கம்தான். அங்கேதான் ஒரு மனிதர் உண்மையாகவே எதையோ கேட்டிருக்கிறார், அல்லது உண்மையாகவே எரிச்சல் பட்டிருக்கிறார்.

மஸூர்கா வந்துவிட்டால் சராசரி என்ன செய்யும்? போலந்து நாட்டு நடனம், மூன்று அடித் தாளம். அழுத்தம் இரண்டாம் அடியிலோ மூன்றாம் அடியிலோ போய் விழும். மூன்று அடியும் ஒரே நீளம் இல்லை. கணக்காக வாசித்தால் செத்துவிடும். கொஞ்சம் அதிகம் இழுத்தால் தள்ளாடும். ஷோபான் தன் மஸூர்காவை வாசிக்கும்போது பியானோக் கலைஞர் சார்லஸ் ஹாலே, இது மூன்று இல்லை, நான்கு அடி என்றார். ஷோபான் ஒப்புக்கொள்ளவில்லை. வாசிக்கச் சொல்லி, ஹாலே வாய்விட்டு நான்கு எண்ணிக் காட்டினார், கணக்குப் பொருந்திவிட்டது! ஷோபான் சிரித்துவிட்டு, அது எங்கள் நாட்டு நடனத்தின் குணம் என்றாராம். அவரே வார்சாவுக்கு வந்து வாசித்திருந்தால் எத்தனை பேனாக்கள் தயங்கியிருக்கும்!

சண்டைகளுக்கு வருவோம், இதற்காகத்தானே காத்திருந்தோம். 1932-இல் அலெக்சாண்டர் உனின்ஸ்கியும் பார்வையற்ற ஹங்கேரியர் இம்ரே உங்காரும் சமமாக நின்றார்கள். முதல் பரிசு யாருக்கு? நாணயம் சுண்டினார்கள்! விழுந்தது உனின்ஸ்கி பக்கம். 1955-இல் போட்டியாளர் அஷ்கெனாசிக்கு இரண்டாம் இடம் என்றதும் நடுவர் மைக்கேலாஞ்செலி தீர்ப்பில் கையெழுத்துப் போட மறுத்தார்.

1980 எல்லாவற்றையும் மிஞ்சியது. இவோ பொகொரெலிச் என்ற இளைஞர் இரண்டாம் சுற்றுக்குத் தேறியது பொறுக்காமல் லூயிஸ் கென்ட்னர் நடுவர் குழுவை விட்டுப் போனார். அதே பொகொரெலிச் இறுதிச் சுற்றுக்குத் தேறவில்லை என்றதும், 1965-இன் வெற்றியாளர் மார்த்தா ஆர்கெரிச், அவர் ஒரு மேதை என்று சொல்லிவிட்டு வெளியேறினார். ஒரே ஆள், உள்ளே வந்ததற்கு ஒரு ராஜினாமா, வெளியே போனதற்கு ஒரு ராஜினாமா! உலகப் புகழ் பொகொரெலிச்சுக்கு வந்தது அந்தத் தோல்வியால்தான். அந்த ஆண்டு முதல் பரிசு பெற்றவர் வியட்நாமின் டாங் தாய் சோன், ஆம், பின்னாளில் பேனாவைக் கீழே வைத்த அதே குரு.

2025-இல் முடிவு வெளியானபோது வார்சாவில் இரவு 2 மணி தாண்டிவிட்டது, நம்மூரில் விடிகாலை. நேரலையில் கண் விழித்திருந்த ரசிகர்களுக்கு அடுத்த விருந்து மார்க் தாள்கள். ஒவ்வொரு நடுவரும் யாருக்கு எவ்வளவு போட்டார் என்று பெயரோடு வெளியிடுகிறார்கள். இந்தத் துணிச்சலுக்காகவே இந்தப் போட்டியை நான் கொண்டாடுவேன். 2015 இறுதிச் சுற்றில் மார்க் 10-க்கு. கொரியாவின் சோங்-ஜின் சோவுக்குப் பெரும்பாலோர் 9, 10 என்று அள்ளிக் கொடுக்க, நடுவர் பிலிப் ஆந்த்ரெமோன் போட்டது 1. ஆமாம், ஒன்று! சோ அந்த ஒன்றையும் சேர்த்துக்கொண்டு முதல் பரிசு வாங்கினார்.

அதே 2015-இல் நான்காம் இடம் பெற்ற பையன்தான் பத்தாண்டு கழித்து வென்ற எரிக் லூ. அவருடைய இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துக்கொண்டு, அந்தந்த ஆண்டின் பதிவையும் ஓடவிட்டு, நீங்களே மார்க் போட்டுப் பாருங்கள். 2030-க்குள் நேரம் இருக்கிறது.